லென்ஸைப் பார்த்த கருடன்

இங்க பாரு குட்டி, இங்க. தாத்தாவைப் பாரு. ச்சு ச்சு ச்சு. பாக்க மாட்டேங்காளே! அவ பார்வை பூரா எனக்குப் பின்னால செவுத்துல இருக்கு. அந்தக் கருடன் படத்தையே பாக்கா. இந்த ஸ்டுடியோவுக்கு வர்ற எல்லாப் பிள்ளையும் இதத்தான் பண்ணுது. நான் ஒருத்தன் காமிராவத் தூக்கிக்கிட்டு இங்க குரங்குச் சேட்டை பண்ணிக்கிட்டிருக்கேன். அதுக என்னைத் தாண்டி அந்தப் பறவையப் பாக்குதுக.

என்ன கேட்ட? கிலுகிலுப்பையா? இருந்துச்சும்மா. இப்ப இல்ல.

சரி, பிள்ளைய எடுத்து மடியில வச்சிக்கோ. அழ விட்டு எடுத்தா பாஸ்போர்ட்காரன் திருப்பி அனுப்பிருவான். கண்ணு ரெண்டும் தொறந்திருக்கணும், நேரா லென்ஸைப் பாக்கணும், வாய் மூடியிருக்கணும், பல்லு தெரியக் கூடாது. பல்லே மொளைக்காத பிள்ளைக்கும் அதே சட்டம்தான். பேரு என்ன சொன்ன? இவாஞ்சலினா. அப்பா மஸ்கட்ல. எட்டு மாசத்துல இன்னும் பாக்கலியா பிள்ளைய? பாப்பாரு, பாப்பாரு. ஃபேனைக் கூட்டி வைக்கேன். கொஞ்சம் அடங்கட்டும்.

அதுவரைக்கும் அந்தப் படத்தப் பத்திக் கேக்கியே, சொல்லுதேன். கேக்கலியா? கேட்டாப்பல இருந்துச்சு. எல்லாரும் கேப்பாவ, அதான். "அண்ணாச்சி, இது எப்பிடி இம்புட்டு நேரா வருது? றெக்கை ரெண்டும் விரிச்சி, கண்ணு ரெண்டும் நம்மளையே பாத்து, கடலு பின்னால கெடக்க, எப்பிடி எடுத்திய?" கேக்காத ஆள் இல்ல. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அந்தப் படம் புடிக்கல. அந்தக் கதையத்தான் சொல்லுதேன். நீயே கேட்டு நியாயம் சொல்லு.

முப்பத்தோரு வருசமா இந்த ஸ்டுடியோ. நயினார் ஸ்டுடியோன்னா திருச்செந்தூர்ல தெரியாத ஆள் கெடையாது. மொட்டை போட வந்த பிள்ளை, காது குத்த வந்த பிள்ளை, அம்புட்டும் இந்த ஸ்டூல்ல உக்காந்து போனதுதான். எனக்கு ஒரே கொள்கை. படம்னா கண்ணு. கண்ணு லென்ஸைப் பாக்கணும். பாக்காத படம் படமே கெடையாது, அது சாட்சிக்கு எடுத்து வச்சது. இத நான் டாக்டரம்மாட்ட முதல் நாளே சொன்னேன். அவ்வொ கேக்கல.

டாக்டர் ரோஸ்லின்னு பேரு. உடன்குடி போற வழியில, தென்னந்தோப்புக்குள்ள, பறவைகளுக்குன்னு ஒரு ஆஸ்பத்திரி வச்சிருக்காவ. அடிபட்ட கொக்கு, ஆந்தை, பருந்து எல்லாத்தையும் கொண்டாந்து கட்டுப் போட்டு, தேத்தி, திரும்பப் பறக்க விட்டுருவாவ. முந்துன வருசம் ஐப்பசியில இந்தப் படியேறி வந்தாவ. "நயினார் சார், ஒரு செம்பருந்து வந்திருக்கு, தூண்டில் நரம்பு சுத்தி இடது றெக்கை கிழிஞ்சு போச்சு, தையல் போட்டிருக்கேன். இப்பப் பறக்கப் பழக்குறோம். வாரம் ரெண்டு நாள் வந்து அது பறக்கறப்ப படம் எடுத்துத் தரணும்"னாவ. செம்பருந்துன்னு அவ்வொ சொல்லுவாவ. நம்ம ஊருல அதக் கருடன்னுதானே சொல்லுவோம். பாத்தா கன்னத்துல போட்டுக்கிடுவோம்லா, அது.

எனக்கு எவ்வளவு சந்தோசம்னு நெனைக்க? முப்பது வருசமா மாப்பிள்ளை, பொண்ணு, மொட்டைத் தலை. இப்பத்தான் ஒரு கருடன் வந்து என் முன்னால நிக்கப் போவுது. அப்பிடித்தான் நெனைச்சிப் போனேன். போய்ப் பாத்தா, அறுபது அடி நீளத்துக்கு ஒரு கூண்டு. பனங்கம்பு நட்டு, சுத்தியும் மேலயும் மீன் வலை கட்டினது. அந்தக் கோடிக்கு ஒரு கட்டை, இந்தக் கோடிக்கு ஒரு கட்டை. அது அங்க இருந்து இங்க பறக்கணும், இங்க இருந்து அங்க பறக்கணும், அப்பத்தான் றெக்கைக்கு வலு வருமாம். இந்தப் பக்கக் கட்டைக்கு நேரா வெளிய ஒரு சாக்குத் திரை, அதுல ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குப் பின்னாலதான் நான் இருக்கணும்.

டாக்டரம்மா சட்டம் சொன்னாவ. பேசக் கூடாது. அது கண்ணுல படக் கூடாது. அது கண்ணை நாமளும் பாக்கக் கூடாது. சாப்பாடு மனுசன் கையில இருந்து வருதுன்னு அதுக்குத் தெரியவே கூடாது. அங்கன சுடலைக்கண்ணுன்னு ஒருத்தன் வேலை பாக்கான், ஆறு வருசமா இருக்கான். அவன் பின்னால மறைஞ்சி நின்னு ஒரு பைப்பு வழியா மீனைத் தள்ளி விடுவான். அவன் மூஞ்சி எப்பிடி இருக்கும்னு அந்தப் பறவைக்குத் தெரியாது. 

"மூஞ்சி எந்தப் பக்கம் வேணும்மா?"ன்னு கேட்டேன்.

"மூஞ்சி வேண்டாம் சார். ரெண்டு றெக்கையும் ஒரே அளவுக்கு விரியுதான்னு தெரியணும். முன்னால இருந்தோ கீழ இருந்தோ எடுங்க, அது போதும்"னாவ.

மூஞ்சி வேண்டாமாம்! என் வாழ்நாள்ல ஒருத்தரும் எங்கிட்ட வந்து மூஞ்சி வேண்டாம்னு சொன்னதில்ல பாத்துக்கோ.

சரி, முதல் நாள் போய் உக்காந்தேன். இருநூறு படம் எடுத்தேன். வந்து பாத்தா அம்புட்டும் வலை. வலை எவ்வளவு சுத்தமா விழுந்திருக்குன்னு நெனைக்க? ஒவ்வொரு முடிச்சையும் எண்ணிரலாம். அதுக்குப் பின்னால ஒரு செம்மண் கறை. அதுதான் கருடன். காமிரா தானாப் போய் முன்னால இருக்க வலையப் பிடிச்சிக்கிடுது. அதுக்கு என்ன தெரியும்?

ரெண்டாவது நாள் வால். மூணாவது நாளும் வால். நான் விரலை அமுக்கதுக்குள்ள அது கட்டையில போய் உக்காந்துக்கிட்டு, "என்னவே எடுத்திரா?"ன்னு கேக்காப்பல கழுத்தைச் சொறியுது. மாப்பிள்ளையக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னா நிப்பாரு. பொண்ண, நாடியத் தூக்கும்மான்னா தூக்கும். தாலி கட்டினது விழலைன்னா இன்னொருக்கக் கட்டுங்கன்னு சொல்லி எடுத்திருக்கேன், ஐயரே சிரிச்சிருக்காரு. இதுட்ட யாரு போய்ச் சொல்ல, இன்னொருக்கப் பறன்னு? நாலாவது தடவை வெளிச்சம் கூடிப்போய் அது நெஞ்சுல இருக்க வெள்ளை, காயப்போட்ட வேட்டி மாதிரி வெளுத்துப் போச்சு. கண்ணு இல்ல, மூக்கு இல்ல. வீட்டுக்கு வந்து பொண்டாட்டிட்ட எரிஞ்சி விழுந்தேன். சோறு குழைஞ்சி போச்சின்னு ஒரு சண்டை. சோறு குழையவே இல்ல.

ஆனா விடல. அது எந்த எடத்துல றெக்கைய விரிக்கும்னு ஒரு வாரம் சும்மா உக்காந்து பாத்தேன். கட்டைக்கு மூணடி முன்னால, எறங்கதுக்குன்னு ரெண்டு றெக்கையையும் நல்லா விரிச்சிப் பிடிக்கும். அந்த எடத்துக்கு லென்ஸைத் திருகி வச்சிட்டு, ஷட்டர் வேகத்தக் கூட்டி வச்சிட்டு, மூச்சை அடக்கிக்கிட்டுக் காத்துக்கிடந்தேன். அது வந்து அந்த எடத்துக்குள்ள விழுந்துச்சு. படம் விழுந்துச்சு பாத்துக்கோ! ஒவ்வொரு இறகும் தனித்தனியாத் தெரியுது. டாக்டரம்மா அதக் கம்ப்யூட்டர்ல போட்டு, மேல கோடு கோடா இழுத்து அளந்து பாத்துட்டு, "இதுதான் சார் வேணும், இடது பக்கம் கொஞ்சம்தான் குறையுது"ன்னு சிரிச்சாவ. அவ்வொளுக்குத் திருப்தி. எனக்கு இல்ல. ஏன்னா அது எங்கயோ பாத்துக்கிட்டு வருது. ஒரு படத்துலகூட என்னையப் பாக்கல.

நீயே சொல்லு. உன் பிள்ளையை எடுத்துட்டு, மூஞ்சி அந்தப் பக்கம் இருக்கு, ஆனா கை கால் எல்லாம் சரியா விழுந்திருக்குன்னு குடுத்தா வாங்குவியா?

கார்த்திகையில ஒரு நாள், லேசாத் தூத்தல். அது ஒரு மணி நேரமா அந்தக் கோடியில குந்திக்கிட்டு எறங்கவே மாட்டேங்கு. எனக்கு எரிச்சல்னா அப்பிடி எரிச்சல். லென்ஸ்ல தண்ணி பட்டுருச்சேன்னு துணி எடுக்கப் பைக்குள்ள கைய விட்டேன். உள்ள கிலுகிலுப்பை கெடந்துச்சு. ஓலைக் கிலுகிலுப்பை, பனையோலையில முடைஞ்சி உள்ள கல்லு போட்டது. பிள்ளைகளைப் படம் எடுக்க எப்பவும் பையில வச்சிருப்பேன். பிளாஸ்டிக்ல இருக்கதுக்கு அந்தச் சத்தம் வராது. கோயில் கடற்கரையில பொம்மை விக்கான்லா, அவன்ட்ட வாங்கினது. கை பட்டு அது கிலுங்குச்சு.

டக்குனு திரும்பிச்சு பாரு தலைய! சாக்கு ஓட்டைக்கு நேரா. லென்ஸுக்கு நேரா. அம்மாடி, எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. அந்தக் கண்ணு இருக்கே, அதுல பயம் கெடையாது, கோவம் கெடையாது. என்னைய எடை போட்டுப் பாக்காப்பல ஒரு பார்வை. மாப்பிள்ளை பாத்திருக்கான், மந்திரி பாத்திருக்காரு, என் காமிராவ ஒருத்தரும் அப்பிடிப் பாத்ததில்ல.

அடுத்த தடவை போனப்பவும் ஆட்டினேன், பாத்துச்சு. மூணாவது தடவை தலையத் திருப்பக் காணும். பிள்ளைகளும் அப்பிடித்தானே? ரெண்டு ஆட்டுக்குப் பாக்கும், மூணாவதுக்கு அலுத்துப்போவும். அப்ப நாங்க என்ன செய்வோம்? ஒரு மிட்டாயக் காட்டுவோம். முப்பத்தோரு வருசத் தொழில்மா, கை தானாப் போவுது. வரும்போதே மார்க்கெட்டுல நாலு சாளை மீனு வாங்கி, துண்டு போட்டு, தூக்குவாளியில கொண்டு போனேன். கிலுகிலுப்பைய ஒரு ஆட்டு, ஓட்டை வழியா ஒரு துண்டு. ஒரு ஆட்டு, ஒரு துண்டு. சுண்டுவிரல் அளவுதான். அதுல என்ன கெட்டுப் போகப் போவுது?

நான் ஒரு சட்டத்தையும் மீறல பாத்துக்கோ. பேசக் கூடாதுன்னாவ, பேசல. கண்ணைப் பாக்கக் கூடாதுன்னாவ, லென்ஸ் வழியாத்தான் பாத்தேன். என் மூஞ்சிய அதுக்குக் காட்டவே இல்ல, ரெண்டு விரல் மட்டும்தான் உள்ள போச்சு.

பத்தே தடவைதான். அந்தக் கோடியில இருந்து, நான் ஆட்டினதும், அம்பு கணக்கா நேரா வந்துச்சு. றெக்கை விரிஞ்சிருக்கு, கண்ணு எம்மேல இருக்கு. ஆனா என்ன கொடுமை, மூஞ்சிக்குக் குறுக்க வலை நிழலு. எத்தனை படம் எடுத்தாலும் அந்தக் கண்ணுக்கு மேல ஒரு கட்டம் விழுந்திருக்கு. ஜெயிலுக்குள்ள எடுத்தாப்பல இருக்கு. வலையக் கொஞ்சம் அவுத்து விடுங்கன்னு கேக்க முடியுமா? பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். மாசியில வெளிய விடப்போறாவன்னு தெரியும். அன்னைக்கு வலை இருக்காதுல்லா.

நடுவுல சுடலைக்கண்ணு ஒரு நாள் வந்து, "அண்ணாச்சி, பைப்புல போடுத மீனு பாதி மிச்சம் கெடக்கு. வயித்துல பூச்சி கீச்சி இருக்கும்போல"ன்னான். டாக்டரம்மாவும் மீனுக்குள்ள பூச்சி மாத்திரை வச்சிக் குடுத்தாவ. நான் சொல்லியிருக்கணுமோ? எங்கிட்டக் கேட்டாச் சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல. 

மாசி பொறந்து ஒரு புதங்கிழமை. மணப்பாடு மணல்மேட்டுல காலையில ஏழு மணி. ஃபாரஸ்ட் ரேஞ்சர் ஒருத்தர், டாக்டரம்மா, சுடலைக்கண்ணு, நான். கீழ வலை இழுத்துக்கிட்டிருந்த ஆளுக நாலஞ்சு பேரு. டாக்டரம்மா புதுச் சேலை கட்டி வந்திருந்தாவ, பாக்கவே நல்லா இருந்துச்சு. பெட்டியத் தொறந்தாவ. அது வெளிய வந்து மணல்ல ஒரு நொடி நின்னுச்சு. காத்து அடிச்சிச்சு. கெளம்பிட்டு.

எப்பிடிப் போவுது பாத்துக்கோ! அந்தக் கூண்டுக்குள்ள நான் பாத்ததெல்லாம் பறப்பே இல்ல. ரெண்டு அடி அடிச்சிட்டு, றெக்கைய அசைக்காம, காத்து மேல சும்மா படுத்துக்கிட்டுப் போவுது. டாக்டரம்மா கண்ணுல தண்ணி. சுடலைக்கண்ணு கும்பிட்டுக்கிட்டு நிக்கான். கீழ இருந்த ஆளுகளும் கன்னத்துல போட்டுக்கிட்டாவ. நான் ஒருத்தன் மட்டும் மனசு எரிஞ்சி நிக்கேன். ஏன்னா அது முதுகக் காட்டிக்கிட்டுப் போவுது. கடலப் பாத்து, தூரமா, சின்னதா. நாலு மாசம் சாக்குக்குப் பின்னால கொசுக்கடியில கெடந்ததுக்கு, கடைசியில எனக்கு மிஞ்சப் போறது ஒரு வாலு. 

சட்டைப் பையில கிலுகிலுப்பை இருந்துச்சு. எடுத்து ஆட்டினேன்.

ஒரே ஒரு ஆட்டுதாம்மா. 

கடலுக்கு மேல போயிட்டிருந்த பறவை ஒரு பக்கமாச் சாஞ்சிச்சு, வட்டம் போட்டுச்சு, திரும்பிச்சு. எனக்கு நேரா வருது. வலை இல்ல, நிழலு இல்ல, பின்னால நீலமாக் கடல், காலை வெயிலு அது நெஞ்சுல விழுது, கண்ணு ரெண்டும் எம்மேல. விரலை அமுக்கினேன், பதினோரு படம். அதுல ஏழாவது படம்தான் அந்தச் செவுத்துல நீ பாக்கது. என் வாழ்க்கையில அதுக்கு மேல ஒரு படம் எடுத்ததில்ல, இனி எடுக்கப் போறதும் இல்ல.

அப்புறம் வந்து என் கையில உக்காந்துச்சு. இந்தா பாரு தழும்பு, அது நகம்தான். உக்காந்து தூக்குவாளிய எங்கன்னு தேடுது. அன்னைக்கு நான் மீனு கொண்டு போகல.

 ரேஞ்சர் கடலப் பாக்காரு. டாக்டரம்மா முதல்ல சுடலைக்கண்ணப் பாத்தாவ. அவன் "நான் இல்லம்மா, சத்தியமா நான் இல்ல"ன்னு அழுதுட்டான். அப்புறம் என் கையில இருந்த கிலுகிலுப்பையப் பாத்தாவ. ஏசுவாவன்னு நெனைச்சேன். ஏசினா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். மெதுவாத்தான் கேட்டாவ. "எத்தனை நாளா சார் குடுக்கறீங்க?"

"கார்த்திகையில இருந்து"ன்னேன்.

அவ்வளவுதான். என் கையில இருந்து அதப் பிடிச்சி, அதே பெட்டியில வச்சி மூடிட்டாவ. சுடலைக்கண்ணுதான் வண்டியில ஏறும்போது சொன்னான், "இல்லாத பூச்சிக்கு நான் மாத்திரை குடுத்துக்கிட்டிருந்தேனே அண்ணாச்சி"ன்னு. என்னமோ நான் அவனுக்குக் குடுத்தாப்பல.

அன்னையில இருந்து தோப்புக்குள்ள எனக்கு அனுமதி கெடையாது. மனுசனைத் தேடி வர்ற பறவைய வெளிய விட முடியாதாம். எவன் கூப்பிட்டாலும் போவுமாம், எவன் கல்லெடுத்தாலும் நிக்குமாம். நான் கேக்கேன், அது என்ன, மனுசனப் பாத்தா ஓடணும்னு ஒரு சட்டமா? பாசமா இருக்கது ஒரு வியாதியா?

இன்னும் கேளு. சித்திரையில மெட்ராஸ்ல ஒரு போட்டி. பறக்குத பறவைகளுக்குன்னே ஒரு பிரிவு. இந்தப் படத்த அனுப்பினா முதல் பரிசு எனக்குத்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்தப் போட்டி ஃபாரத்துல ஒரு கேள்வி போட்டிருக்கான், பறவை காட்டுல இருந்ததா, கூண்டுல இருந்ததான்னு. காட்டுலன்னா, பொறுப்பான ஆள் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். நான் யோசிச்சிப் பாத்தேன். படம் எடுத்த அந்த நேரம் அது கூண்டுல இல்லையே! பெட்டியத் தொறந்து விட்டாச்சு, கடலுக்கு மேல போயாச்சு. அந்த நேரத்துக்கு அது காட்டுப் பறவைதானே? ஒழுங்கா மரியாதையா ஒரு கடிதாசி எழுதி, ஃபாரத்தையும் வச்சி, டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். கையெழுத்து இல்லாம ஃபாரம் திரும்பி வந்துச்சு. அடியில ஒரு வரி எழுதியிருந்தாவ. "அது காட்டுக்குப் போயிருந்தால் இந்தப் படம் உங்களுக்குக் கிடைத்திருக்காது." 

இதுக்கு என்ன அர்த்தம்? நீயே சொல்லு. கையெழுத்துப் போட முடியாதுன்னு நேராச் சொன்னா ஆச்சு. அந்தத் தாளு இன்னும் டிராயர்ல கெடக்கு. கிழிச்சிப் போடணும்னு எடுப்பேன், திரும்ப உள்ள வச்சிருவேன்.

அவ்வொளும் விடல. ஏழு மாசம் அந்தப் பறவைகிட்ட ஒரு ஆளையும் அண்ட விடாம, வேற ரெண்டு பருந்தோட சேத்துப் போட்டு, எல்லாத்தையும் மறக்கடிக்கப் பாத்தாவளாம். சுடலைக்கண்ணு மார்க்கெட்டுல வச்சிச் சொன்னான். காலுல ஒரு பச்சை வளையம் மாட்டி, புரட்டாசியில வேம்பார் கடற்கரைக்குக் கொண்டு போய் விட்டாவளாம். எம்பது கிலோமீட்டருக்கு அங்கிட்டு. என்னையக் கூப்பிடல. வேற ஆள் வச்சும் படம் எடுக்கல. இந்தத் தடவை திரும்பிப் பாக்காமப் போயிட்டுன்னான். எனக்குக் கேட்டு ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா சந்தோசப்பட்டேம்மா, பொய் சொல்லல. 

போன வருசம் கந்த சஷ்டி, அத விட்டு ஒரு மாசம்தான் இருக்கும். ஊரு பூரா கூட்டம். நான் இங்க படம் பிரிண்ட் போட்டுக்கிட்டிருக்கேன், எதிர்க்கடைக்காரன் ஓடி வாரான். "அண்ணாச்சி, கடற்கரையில கருடன் ஒண்ணு எறங்கிட்டு, அடிச்சிப் போட்டாங்க"ன்னு. போட்டது போட்டபடி ஓடினேன். கூட்டத்தை வெலக்கிப் பாத்தா, மணல்ல கெடக்கு. வலது றெக்கை தனியாத் தொங்குது. காலுல பச்சை வளையம். யாரோ அது தலையில குங்குமம் வேற வச்சிருக்காவ. பக்கத்துல பொம்மைக்காரன் நிக்கான், கையில கம்போட. கம்பு நிறைய ஓலைக் கிலுகிலுப்பை.

அவன் சட்டையப் பிடிச்சிட்டேன். "ஏலே, கருடனக் கம்பால அடிக்கியே, நீ வெளங்குவியா? கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு?"ன்னு கத்தினேன். அவன் கம்பக் கீழ போட்டுட்டான். "அண்ணாச்சி, நான் பிள்ளைகளைக் கூப்பிடத்தான் ஆட்டினேன். தினமும் ஆட்டுததுதானே. இது மேல இருந்து நேராத் தலைக்கு வந்துச்சு. பக்கத்துல கைப்பிள்ளை நின்னுச்சு, பயந்து வீசிட்டேன். இது ஏன் அண்ணாச்சி எங்கிட்ட வந்துச்சு?"ங்கான். 

எங்கிட்டயே கேக்கான்!

நான் சொல்லுதேன், தப்பு பூரா அந்தப் பொம்மைக்காரன் மேலதான். ஒரு வாயில்லா சீவன் ஆசையா வருது, அதப் போய் அடிப்பானா மனுசன்? ஊருல யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லல. டாக்டரம்மாகூடச் சொல்லல. நான்தான் மறுநாளும் போய் ஏசிட்டு வந்தேன். இப்ப அவன் எடத்த மாத்திட்டு அந்தக் கோடிக்குப் போயிட்டான்.

நானே ஸ்டுடியோத் திரைத்துணியில அதச் சுத்தி, ஸ்கூட்டர்ல முன்னால வச்சி, தோப்புக்குக் கொண்டு போனேன். வழியெல்லாம் அது நெஞ்சு அடிக்கது என் வயித்துல தெரியுது. டாக்டரம்மா கதவத் தொறந்து கையில வாங்கினாவ. வளையத்தப் பாத்தாவ. அப்பிடியே உள்ள கொண்டு போயிட்டாவ. 

எலும்பு நொறுங்கிட்டு, இனிமேப் பறக்காதுன்னு ஆயிட்டு. நான் சரி, அத்தோட முடிஞ்சிதுன்னு நெனைச்சேன். பத்து நாள் கழிச்சி ஃபோன் வருது. டாக்டரம்மா. மணப்பாட்டுக்கு அப்புறம் அவ்வொ என்னையக் கூப்பிட்டதே இல்ல. "சார், அது ஒண்ணும் சாப்பிட மாட்டேங்குது. ஊசியில எத்தனை நாளைக்கு ஏத்தறது? ஒரு தடவை வாங்க"ன்னாவ. அப்புறம், "அதையும் எடுத்துக்கிட்டு வாங்க"ன்னாவ. 

எதைன்னு நான் கேக்கல.

போனேன். காமிரா எடுத்துக்கிட்டுப் போகல. நீளக் கூண்டு இல்லம்மா, சின்னக் கூண்டு, தரையோட. ஓரத்துல, மூஞ்சிய மூலையப் பாத்து வச்சிக்கிட்டு, குன்னிப்போய் இருந்துச்சு. முன்னால நல்ல மீனா வச்சிருக்காவ, ஈ மொய்க்குது. நான் கதவுகிட்டக் குத்தவச்சி உக்காந்தேன். ஆட்டக் கை வரவே மாட்டேங்கு. டாக்டரம்மா, ஆட்டுங்கன்னு தலைய அசைச்சாவ. 

ஆட்டினேன்.

தலை திரும்பிச்சு. அதே பார்வை. அதே மாதிரி லென்ஸைப் பாக்குத பார்வை, ஆனா லென்ஸ் இல்ல, நான்தான் இருக்கேன். றெக்கைய விரிக்கப் பாத்துச்சு. ஒண்ணு விரிஞ்சிச்சு, ஒண்ணு விரியல. கவுந்து விழுந்துச்சு. நான் கண்ண மூடிக்கிட்டேன். தொறந்து பாத்தா, நடந்து வருது. பறந்து வந்த பறவைம்மா, கோழி மாதிரித் தரையில றெக்கைய இழுத்துக்கிட்டு நடந்து எங்கிட்ட வருது. வந்து என் கையில இருந்த மீனை வாங்கித் திங்குது. 

"சாப்பிடுது"ன்னாவ டாக்டரம்மா. அவ்வளவுதான் சொன்னாவ. ஒரு வார்த்தை ஏசியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

கிலுகிலுப்பைய அங்கயே சுடலைக்கண்ணுட்டக் குடுத்துட்டு வந்துட்டேன். அவன் தெனமும் ரெண்டு நேரம் ஆட்டுதான். அது இல்லாம வாயத் தொறக்காதாம். அதான் இங்க இல்ல.

இன்னொண்ணு வாங்கினா என்னன்னு கேக்கியா? வாங்கலாம். பத்து ரூவாதான். ஆனா அந்தப் பொம்மைக்காரன்ட்டயா போய் வாங்கச் சொல்லுத? அவன்ட்ட நான் வாங்க மாட்டேன். மத்த கடையில எல்லாம் பிளாஸ்டிக்தான் இருக்கு. அதுவும் வேண்டாம். இப்பெல்லாம் அந்தச் சத்தம் எங்கன கேட்டாலும் எனக்கு மேல பாக்கணும்போல இருக்கு. அத விடு.

பிள்ளை அடங்கிட்டா. வாய்க்குள்ள விரல வச்சிருக்கா, எடுத்து விடு. தூக்கி ஸ்டூல்ல வையி, பின்னால துணிய மூடிக்கிட்டு நீ பிடிச்சிக்கோ, உன் கை தெரியக் கூடாது. ஏ இவாஞ்சலினா, இங்க பாரு. பாக்க மாட்டேங்கா பாத்தியா, திரும்பவும் அந்தச் செவுத்தத்தான் பாக்கா. அவ அப்பன் மஸ்கட்ல இந்தப் படத்துக்காகத்தானே காத்திருக்கான்? 

அந்தப் படத்தக் கழட்டி வச்சிருங்கன்னு என் பொண்டாட்டியும் சொல்லிட்டா. கழட்ட மாட்டேன். இரு, வேற வழி பண்ணுதேன். காமிராவ அங்கன கொண்டு போயி, கருடனுக்கு நேர் கீழ வைக்கேன். இன்னும் கொஞ்சம் மேல. இந்தா, இப்ப அதுவும் லென்ஸும் ஒரே நேரு.

அசையாத. 

பாக்கா. கண்ணு ரெண்டும் நேரா எம்மேல. சிமிட்டக்கூட இல்ல. நான் ஆட்டலியே ஒண்ணையும், கையில மிட்டாய்கூட இல்லையே. ஒண்ணுமே குடுக்காம, சும்மா பாக்கா பாரும்மா. 

இரு, ஒரு நிமிசம். கண்ணாடியத் தொடைச்சிக்கிடுதேன். எனக்குத்தான் சரியாத் தெரியல.